625001: ‘மதுரை-1’ என்கிற எண்ணைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேலமாசி வீதிப் பக்கம் ஒரு மாடியில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். வாரம் ஒரு எண்ணைப் போர்டில் எழுதி, ‘இதைப் பிரித்து மேயுங்கள்’ என்று பிள்ளைகளிடம் விட்டுவிடுவது பழக்கம். ஒரு திங்கட்கிழமை எண் எதுவும் தோன்றவில்லை. மேசையில் கிடந்த கல்யாணப் பத்திரிகை உறையில் பின்கோடு இருந்தது. அதையே எழுதிப் போட்டேன். 625001. மூன்று வாரம் அது போர்டை விட்டு இறங்கவில்லை. அந்த நாட்களில் பிள்ளைகளும், அவர்களைக் கூட்டிப்போக வந்த பெற்றோரும், கீழே டீக்கடையில் நிற்பவர்களும் கேட்டவை இவை.

பின்கோடு வெறும் முகவரிதானே? அதில் என்ன கணக்கு இருக்கிறது?

முகவரிதான். 1972 ஆகஸ்ட் 15-ல் நாடு முழுவதும் வந்த ஏற்பாடு. முதல் இலக்கமான 6 தமிழ்நாடு, கேரளம் அடங்கிய மண்டலத்தைக் குறிக்கும். 625 என்ற முதல் மூன்றும் சேர்ந்து மதுரைப் பக்கம் தபால் பிரிக்கப்படும் வட்டாரம். கடைசி 001 தலைமை அஞ்சலகம். இரண்டு பின்கோடுகளைக் கூட்டினால் மூன்றாவது ஊர் வராது.

ஆனாலும் ஆறு இலக்கங்களை வரிசையாக வைத்துவிட்டால் அது ஒரு முழு எண். முழு எண் என்றாலே அதற்கென்று ஒரு குணம் உண்டு. எண்ணை வைத்தவர்கள் அதன் காரணிகளை யோசித்திருக்க மாட்டார்கள், அவர்களுக்கு அதற்கு நேரமும் இருந்திருக்காது. யாரும் அழகு பார்த்துத் தேர்ந்தெடுக்காத எண் என்பதால்தான் எனக்கு இதில் ஆசை.

இதை எப்படி வாசிப்பது?

அஞ்சலகத்தில் ‘ஆறு ரெண்டு அஞ்சு, சைபர் சைபர் ஒண்ணு’. கணக்கில் ஆறு லட்சத்து இருபத்தைந்தாயிரத்து ஒன்று, அதாவது 6,25,001. லட்சத்தைப் பழைய தமிழில் நூறாயிரம் என்பார்கள். அந்த வழியில் இது அறுநூற்று இருபத்தைந்து ஆயிரத்து ஒன்று. பழைய எழுத்தில் ௬௱௨௰௫௲௧. சைபர் இல்லாமலே எழுதிவிடலாம் என்று பார்த்ததும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கொஞ்ச நேரம் நம்ப மறுத்தார்கள்.

625 என்பதை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே?

பார்த்திருப்பீர்கள். 25-இன் வர்க்கம் 625. இருபத்தைந்துக்கு இருபத்தைந்து நேர்ப்புள்ளி வைத்துக் கோலம் போட்டால் வாசலில் 625 புள்ளி. 625-ஐ வர்க்கப்படுத்தினால் 3,90,625, அதன் வாலிலும் அதே 625.

எனக்குப் பிடித்தது வேறு. நம் பழைய பின்னக் கணக்கில் அரை, கால், அரைக்கால் என்று பாதி பாதியாக இறங்கினால் அடுத்து வருவது மாகாணி, பதினாறில் ஒன்று. வீசம் என்றும் சொல்வார்கள். மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று. இரண்டையும் கூட்டிப் பாருங்கள், எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. பெயரிலேயே கணக்கு இருக்கிறது. திண்ணைப் பள்ளிக் காலத்தில் இந்தப் பின்னங்களுக்கும் வாய்ப்பாடு ஒப்பிக்க வேண்டும்.

இப்போது ஒரு கோடியை எடுங்கள். அதில் மாகாணி எவ்வளவு? 6,25,000. ஆக, மதுரை-1 என்பது கோடிக்கு மாகாணியும் அதன் மேல் ஒன்றும். மொய் எழுதுகிற ஊரில் இதை விளக்கவே வேண்டாம். ஐந்நூறு என்று யாரும் வைப்பதில்லை, ஐந்நூற்று ஒன்று. யாரோ கோடீசுவரர் மாகாணிப் பங்கை மொய்யாக எழுதி, முறைப்படி ஒரு ரூபாயும் சேர்த்த மாதிரி இருக்கிறது நம் எண்.

பதினாறால் பெருக்கிப் பார்த்தால் 1,00,00,016. கோடியே பதினாறு. பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று பத்திரிகை உறையை மேசையில் வைத்தேன்.

625001 பகா எண்ணா?

இல்லை. இதில் நான் சறுக்கினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். எண்ணை எழுதிய அன்று 2, 3, 5, 7, 11 வரை மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தேன். எதிலும் மீதியில்லாமல் போகவில்லை. ‘பகா எண் மாதிரிதான் தெரியுது’ என்று வாயை விட்டேன். கடைசி பெஞ்சில் ஒரு எட்டாம் வகுப்புப் பெண், ‘சார், பதின்மூணு போகுது’ என்றாள்.

போகத்தான் செய்தது. 13 × 48077. அவள் நீள வகுத்தல் செய்துதான் கண்டுபிடித்தாள். ஆனால் ஒரு குறுக்குவழி இருக்கிறது. 1001 என்பது 7 × 11 × 13. அதனால் ஆறு இலக்க எண்ணை மும்மூன்றாக வெட்டி, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து, வந்த மீதத்தை 7, 11, 13 ஆகியவற்றால் வகுத்துப் பார்த்தால் போதும். நம் எண்ணில் 625 ஒரு துண்டு, 001 இன்னொரு துண்டு. கழித்தால் 624. 7-க்கு மீதி 1, 11-க்கு மீதி 8, 13-க்குச் சரியாக 48. இதை வகுப்பில் பலமுறை சொல்லிக்கொடுத்தவன் நான். தேவைப்பட்ட நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை.

624 ஏன் 13-ஐக் கொண்டுவந்தது என்பதற்கும் காரணம் உண்டு. 625 என்பது 25-இன் வர்க்கம். அதிலிருந்து ஒன்று போனால் 24 × 26. அந்த இருபத்தாறுக்குள் பதின்மூன்று ஒளிந்திருக்கிறது.

மிச்சம் 48077. இதன் வர்க்கமூலம் 219 சொச்சம். 13-இலிருந்து பகா எண்களை வரிசையாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். பிள்ளைகள் ஆளுக்கு மூன்று என்று பிரித்துக்கொண்டார்கள். இருபத்தேழாவது முயற்சியில் 131 விழுந்தது: 131 × 367. அதற்குக் கீழே எந்தப் பகா எண்ணாலும் போகாது என்று முன்பே பார்த்துவிட்டதால் 367-ஐத் தனியாகச் சோதிக்க வேண்டியதில்லை, அது பகா எண்தான்.

ஆக 625001 = 13 × 131 × 367.

ஒன்றைக் கூட்டியதற்கா இவ்வளவு மாற்றம்?

இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 625000-ஐ உடைத்தால் வெறும் இரண்டும் ஐந்தும்தான்: மூன்று இரண்டு, ஏழு ஐந்து. வேறு சரக்கே இல்லை. பரம சாது. ஒன்றைக் கூட்டியதும் அந்த இரண்டும் ஐந்தும் மொத்தமாக வெளியேறிவிட்டன. அவை போயே ஆக வேண்டும். 625000-ஐ 2 வகுக்கிறது, அடுத்த எண்ணையும் 2 வகுத்தால் அவற்றின் வித்தியாசமான 1-ஐயும் வகுக்க வேண்டும். அது நடக்காது. அடுத்தடுத்த இரண்டு முழு எண்களுக்கு ஒன்றைத் தவிரப் பொதுக் காரணி கிடையாது. பக்கத்து வீடு, ஒரே சுவர், ஆனால் கொடுக்கல் வாங்கல் இல்லை.

பழைய காரணிகள் போகும் என்று முன்கூட்டியே சொல்லலாம். யார் வருவார்கள் என்பதை அப்படிச் சொல்ல முடியாது. 13-க்கு மட்டும் மேலே ஒரு காரணம் காட்டினேன். 131-க்கும் 367-க்கும் என்னால் காரணம் காட்ட முடியவில்லை. வகுத்துப் பார்த்தோம், இருந்தார்கள்.

மொத்தம் எத்தனை வகுத்திகள்?

எட்டு. 1, 13, 131, 367, 1703, 4771, 48077, அப்புறம் 625001. வேறு வேறு மூன்று பகா எண்களின் பெருக்கல் என்றால் எப்போதும் எட்டுதான். 6, 28, 496 மாதிரி, தன்னை விட்டுவிட்டு மற்ற வகுத்திகளைக் கூட்டினால் தன்னையே தரும் எண்கள் சில உண்டு. நம் எண்ணுக்குக் கூட்டினால் 55,063 தான். பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை.

ஒரு பையன் கண்டுபிடித்தது: முதல் நான்கு வகுத்திகளைக் கூட்டினால், 1 + 13 + 131 + 367, சரியாக 512. எட்டின் கனம். இதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை, தற்செயல். ஆனாலும் அன்றைக்கு அவனுக்குக் கடலை மிட்டாய் கிடைத்தது.

625-ம் வர்க்கம், 1-ம் வர்க்கம். அப்படியானால் 625001-ஐ இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாமா?

கேட்கத் தோன்றும். முதல் பார்வைக்கு முடியும் போலவும் இருக்கும். ஒற்றை எண்ணை இரண்டு வர்க்கங்களாகப் பிரிக்க வேண்டுமானால் அதை நான்கால் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும், நம் எண்ணுக்கு மீதி 1 தான் வருகிறது. அது மட்டும் போதாது. உள்ளே இருக்கும் பகா எண்களையும் பார்க்க வேண்டும். நான்கால் வகுத்தால் மீதி 3 தரும் பகா எண் ஒற்றைப்படைத் தடவை வந்திருந்தால் கதவு மூடியது. 131 அப்படிப்பட்டது. 367-ம் அப்படித்தான். ஆளுக்கு ஒரு தடவை. ஆகவே எந்த இரண்டு வர்க்கங்களைக் கூட்டினாலும் 625001 வராது.

மூன்று வர்க்கங்கள் என்றால் முடியும், அதுவும் அழகாக முடியும். 790-இன் வர்க்கம் 6,24,100. மிச்சம் 901. அது 30-இன் வர்க்கமும் ஒன்றும். 790² + 30² + 1² = 625001. இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மார்கழியில் கோலம் போடுகிறவர்களுக்காகச் சொன்னால், பக்கத்துக்கு 790 புள்ளி வைத்த சதுரக் கோலம் ஒன்று, 30 புள்ளிக் கோலம் ஒன்று, ஓரமாக ஒற்றைப் புள்ளி. புள்ளிக்குப் புள்ளி இரண்டு அங்குலம் விட்டாலே பெரிய கோலத்தின் ஒரு பக்கம் 131 அடிக்கு மேல் போகும். மாசி வீதியில் இடம் பத்தாது. வண்டியூர்த் தெப்பக்குளம் வறண்டு கிடந்து, உள்ளே பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிய வருஷங்களில் வேண்டுமானால் போட்டிருக்கலாம்.

வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதுவது சுலபம், நான்கு விதத்தில் வரும். சிக்கனமானது 1035² − 668².

ராமானுஜனின் 1729 மாதிரி இதற்கும் ஏதாவது உண்டா?

1729-ஐ இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதலாம் என்பது எல்லோருக்கும் தெரியும்: 12-இன் கனமும் ஒன்றும், 10-இன் கனமும் 9-இன் கனமும். அதுவும் மூன்று பகா எண்களின் பெருக்கல்தான், 7 × 13 × 19. பதின்மூன்று இரண்டு வீட்டுக்கும் உறவு.

ஆனால் கனம் என்று வந்தால் நம் எண் நேர் எதிர்த் திசையில் நிற்கிறது. எந்தக் கன எண்ணை 9-ஆல் வகுத்தாலும் மீதி 0, 1, 8 மூன்றில் ஒன்றுதான். இவற்றில் மூன்றை எப்படிச் சேர்த்தாலும் மீதி 4-ஓ 5-ஓ வரவே வராது. 625001-இன் இலக்கங்களைக் கூட்டினால் 14, அதிலிருந்து 5. அதுதான் 9-ஆல் வகுத்தால் வரும் மீதி. ஆகவே இரண்டு கனங்கள் என்ன, மூன்று கனங்களைக் கூட்டினாலும் இது வராது. குறை எண்களின் கனங்களை அனுமதித்தாலும் வராது. தேட வேண்டிய அவசியமே இல்லாமல் அரை நிமிடத்தில் முடிந்துபோன விஷயம்.

இது எவ்வளவு பெரிய சௌகரியம் என்பது 42-ஐப் பார்த்தால் புரியும். அந்தச் சின்ன எண்ணுக்கு இப்படித் தடை எதுவும் இல்லை, ஆனால் மூன்று கனங்களும் கையில் சிக்கவில்லை. 2019-ல்தான் கிடைத்தன. கனப்படுத்த வேண்டிய மூன்று எண்களுக்கும் தலைக்குப் பதினேழு இலக்கம்.

திருப்பி எழுதினால்?

100526. இரண்டையும் கூட்டுங்கள்: 625001 + 100526 = 725527. இப்போது இதை வலமிருந்து படியுங்கள். விகடகவி! சித்திரைத் திருவிழா ஊரில் ‘தேரு வருதே’ என்று சொன்னால் இன்னும் பொருத்தம், அதையும் பின்னாலிருந்து எழுத்தெழுத்தாகப் படிக்கலாம். பல எண்களுக்கு இந்தத் திருப்பிக் கூட்டலைத் திரும்பத் திரும்பச் செய்தால்தான் இப்படி வரும். 89 என்ற சின்ன எண் இருபத்துநான்கு தடவை இழுத்தடிக்கும். நம் எண்ணுக்கு ஒரே தடவையில் தேர் நிலைக்கு வந்துவிட்டது. கூட்டும்போது எங்கேயும் பத்தைத் தாண்டவில்லை, கைமாற்று விழவில்லை என்பதுதான் ரகசியம்.

ஒன்றை 625001-ஆல் வகுத்தால் என்ன வரும்?

கால்குலேட்டர் வேண்டாம். கோடியே பதினாறு என்று பார்த்தோமே, அது இங்கே கைகொடுக்கும். விடை 0.00000159999744000409... என்று போகும். தாறுமாறாகத் தெரியும். ஆனால் உள்ளே இருப்பது பதினாறின் அடுக்குகள்தான். தசமப்புள்ளிக்குப் பிறகு ஏழேழு இடமாகப் பிரித்துக்கொண்டு முதல் ஏழில் 16-ஐ வையுங்கள், இரண்டாவது ஏழில் 256-ஐக் கழியுங்கள், மூன்றாவதில் 4096-ஐக் கூட்டுங்கள். கூட்டல், கழித்தல், மாறி மாறி. இதை நோட்டில் செய்து பார்க்காமல் நான் சொன்னதை நம்பிவிட்டுப் போகிற பிள்ளைகள் மீது எனக்குக் கோபம் வரும்.

கூட்டுத்தொகை 5 வருகிறதே, ராசியா?

ஒன்பதால் வகுத்த மீதி அது. அதை வைத்து மூன்று கனங்கள் முடியாது என்று நிரூபிக்கலாம். கடைக்குப் பெயர் வைக்க முடியாது.

இதெல்லாம் பெரிய எண்ணா?

கையால் உடைக்கிறவனுக்குப் பெரிதுதான். உலகக் கணக்கில் தூசு. இப்போதைக்குத் தெரிந்த மிகப் பெரிய பகா எண் 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது: இரண்டை 13,62,79,841 தடவை பெருக்கி ஒன்றைக் கழிக்க வேண்டும். அதில் நான்கு கோடியே பத்து லட்சத்துக்கு மேல் இலக்கங்கள். அங்கேயும் அந்த ‘ஒன்று’ வந்து நிற்கிறது பாருங்கள். இந்தப் பக்கம் கழித்தல், அவ்வளவுதான்.

மதுரையின் மற்ற பின்கோடுகளை உடைத்துப் பார்த்தீர்களா?

பிள்ளைகள் விடுவார்களா. ஆளுக்கு ஒன்று கொண்டுவந்தார்கள்.

தல்லாகுளம் 625002, கூட்டுக் குடும்பம்: 2 × 3 × 7 × 23 × 647. தெப்பக்குளம் 625009, அதாவது 7 × 11 × 8117. உயர் நீதிமன்றக் கிளை இருக்கும் 625023-ல் மூன்று மட்டும் மூன்று தடவை, கூட 7-ம் 3307-ம்.

அசத்தியது பல்கலை நகர். காமராசர் பல்கலைக்கழகத்தின் 625021-ஐ உடைக்கப் போனவன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைந்தான். 600 தாண்டியும் எதிலும் போகவில்லை. கடைசியில் 617 × 1013. இரண்டே பகா எண்கள், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பருமன். எதிர்த் திசையில் பெருக்க அரை நிமிடம் போதும், பிரிக்க இரண்டு நாள். இந்த ஏற்றத்தாழ்வை வைத்துத்தான் 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மேன் மூவரும், செய்தியை அடுத்தவர் படிக்க முடியாதபடி மறைத்து அனுப்ப உதவும் ஆர்.எஸ்.ஏ. என்ற பூட்டைச் செய்தார்கள். இன்று வழக்கத்தில் இருக்கும் 2048 பிட் பூட்டில், இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி வரும் எண்ணுக்கு எத்தனை இலக்கம் தெரியுமா? 617. அந்தப் பையனிடம் இதைச் சொன்னபோது ‘போங்க சார்’ என்றான். மறுபடியும் தற்செயல்தான், ஆனால் அந்த நேரத்தில் எனக்கும் அப்படித் தோன்றவில்லை.

அப்படியானால் மதுரையில் பகா பின்கோடே கிடையாதா?

இருக்கிறது. கே.புதூர், 625007. 625000-க்கு அடுத்து வரும் முதல் பகா எண்ணே அதுதான். அங்கிருந்து ஒரு பெண் டியூஷனுக்கு வருகிறாள். தன் எண்ணை யாராலும் உடைக்க முடியவில்லை என்று அவளுக்கு ஏக பெருமை. முதல் நாள் வாயை விட்டது மாதிரி இந்தத் தடவை செய்யக் கூடாது என்று நானே உட்கார்ந்தேன். வர்க்கமூலம் 790 சொச்சம், அதற்குள் 138 பகா எண்கள். ஒவ்வொன்றாக வகுத்து, மீதியைப் பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தேன். 47-க்கு மீதி 1 வந்தபோது கொஞ்சம் திக்கென்றது. இரண்டு ராத்திரி ஆனது. கடைசி எண் 787: ஈவு 794, மீதி 129. நோட்டை மூடி வைத்துவிட்டுப் படுத்தேன்.